கருவிலேயே வெறுக்கப்பட்டவனா ஏசா?

சென்ற தவக்காலத்தில் ஓர் இழவு வீட்டிற்குச் சென்றிருந்தோம். இறந்தவர் நாற்பதை எட்டாதவர். மதுவுக்கு அடிமையாகி, ஈரல் கெட்டு, தாயின் மடியிலேயே உயிர் விட்டவர். பல ஆண்டுகளாக ஆலயப் படி மிதியாதவர். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாலை, அன்பியத்தார் கூடிச் செபமாலை சொல்லி முடித்தனர். அப்போது, விருந்தினராக வந்திருந்த போதகர் ஒருவர் ஆறுதல் மொழி கூற எழுந்தார். மலாக்கி நூலைத் திறந்தார். யாக்கோபைத் தாம் நேசித்ததாகவும் ஏசாவை வெறுத்ததாகவும் ஆண்டவர் உரைக்கும் பகுதியை (மலா 1:2-3) உரத்த குரலில் படித்தார். பிறகு உரோமையர் திருமுகத்தைப் புரட்டி, பிள்ளைகள் பிறக்குமுன்னே, நன்மையோ தீமையோ செய்யுமுன்னே, இது முடிவாகிவிட்டது (உரோ 9:11-13) என்றார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருள் ஒருவர் தெரிந்துகொள்ளப்படுவார், மற்றவர் கைவிடப்படுவார். அது ஆண்டவரின் உரிமை. ஆகையால் அழ வேண்டாம் என்பது அவர் தந்த ஆறுதல்.

மூலையில் சாய்ந்திருந்த தாய் தலை நிமிர்ந்தார். "ஐயா, அப்படியானால் நான் அவனைப் பத்து மாதம் சுமந்திருந்தபோதே ஆண்டவர் அவனை வெறுத்துவிட்டாரா?" என்று கேட்டார்.

போதகர் பதில் சொல்லவில்லை. அங்கிருந்த நாமும் பதில் சொல்லவில்லை. காப்பி வந்தது, குடித்தோம், கலைந்தோம். மறைக்கல்வி கற்றவர்கள், ஞாயிறுதோறும் இறைவார்த்தை கேட்பவர்கள், வீட்டில் திருவிவிலியம் வைத்திருப்பவர்கள் என்று பெயர் பெற்ற நாம், ஒரு தாயின் கேள்விக்கு முன்னால் ஊமைகளாக இருந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டுகிறது. அந்தப் போதகரின் பெயர் இங்கு வேண்டாம். அவர் ஒருவர் அல்லர். அவரைப் போல் பேசுவோர் பலர். அவர்கள் சொல்வது மறைநூலின் போதனையும் அன்று, திருச்சபையின் போதனையும் அன்று என்பதே நமது வாதம்.

யாரைப் பற்றிய சொல்?

மலாக்கி இறைவாக்கினரின் காலம் ஏசா வாழ்ந்த காலம் அன்று. பாபிலோனிய அடிமைத்தனம் முடிந்து மக்கள் நாடு திரும்பிக் கோவிலையும் கட்டி முடித்த பின், ஏறத்தாழ கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த குரல் அது. திரும்பி வந்தவர்களுக்கு வாழ்வு செழிக்கவில்லை. ஆண்டவர் எங்களை எவ்விதத்தில் நேசித்தார் என்று அவர்கள் சலிப்போடு கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகவே யாக்கோபும் ஏசாவும் பேசப்படுகிறார்கள். அங்கே யாக்கோபு என்பது இஸ்ரயேல் மக்கள். ஏசா என்பது ஏதோம் நாடு. அடுத்து வரும் வரிகள் மலைகளையும் பாழான ஊர்களையும் பற்றிப் பேசுகின்றன. தனி மனிதர் ஒருவரின் ஆன்மாவைப் பற்றிப் பேசவில்லை.

ஏதோம்மீது ஏன் அத்தனை சினம்? கி.மு. 587இல் எருசலேம் வீழ்ந்தபோது, உடன்பிறந்த இனமான ஏதோம் கைகொடுக்கவில்லை. மாறாக, எள்ளி நகைத்தது. கொள்ளையில் பங்கு கொண்டது. தப்பியோடியவர்களை வழிமறித்துக் காட்டிக்கொடுத்தது. ஓபதியா நூல் முழுவதும் இந்தக் குற்றச்சாட்டுத்தான். ஆகவே மலாக்கி பேசுவது, செய்த தீமைக்காக ஒரு நாட்டின்மீது வந்த தீர்ப்பைப் பற்றி. இதைப் பிறவாத குழந்தையின்மீது கொண்ட வெறுப்பாக மாற்றுவது நேர்மையான வாசிப்பு அன்று.

தொடக்க நூலிலும் இதே நிலைதான். ரெபேக்காவுக்கு ஆண்டவர் சொன்னது, அவர் வயிற்றில் இரண்டு இனங்கள் உள்ளன என்பது (தொநூ 25:23). மூத்தவன் இளையவனுக்குப் பணி செய்வான் என்ற வாக்கு ஏசாவின் வாழ்நாளில் ஒரு நாளும் நிறைவேறவில்லை. நடந்தது அதற்கு நேர்மாறு. யாக்கோபே ஏழு முறை தரையில் விழுந்து அண்ணனை வணங்கினார். தம்மை அண்ணனின் ஊழியன் என்று சொல்லிக்கொண்டார். வாக்கு ஆள்களைப் பற்றியதன்று, வழிமரபுகளைப் பற்றியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

'வெறுத்தல்' என்னும் சொல்

மலாக்கி நூலில் உள்ள எபிரேயச் சொல் 'சானே'. அச்சொல் உண்மையான பகையைக் குறிக்கும் இடங்கள் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இருவரை ஒப்பிட்டுப் பேசும்போது, ஒருவரை முன்வைத்து மற்றவரைப் பின்வைப்பதையும் அச்சொல் குறிக்கும். யாக்கோபின் மனைவியரைப் பாருங்கள். அவர் லேயாவைவிட ராகேலை மிகுதியாக நேசித்தார் என்கிறது ஒரு வசனம் (தொநூ 29:30). அடுத்த வசனத்தின் எபிரேய மூலமோ, லேயா 'வெறுக்கப்பட்டார்' என்கிறது. குறைவாக நேசிக்கப்பட்டவரையே அந்த மொழி அவ்வாறு அழைத்தது. இணைச்சட்ட நூலும் இரு மனைவியரைக் கொண்ட ஒருவனைப் பற்றிப் பேசும்போது இவ்விரு சொற்களையே ஆள்கிறது; 'வெறுக்கப்பட்டவளின்' மகன் தலைமகனானால் அவனுக்குரிய இரட்டைப் பங்கை மறுக்கக்கூடாது என்று கட்டளையிடுகிறது (இச 21:15-17).

அந்த 'வெறுக்கப்பட்ட' லேயாவின் வயிற்றிலிருந்து வந்தவர்கள் யார்? லேவி வந்தார், அவர் வழியில் மோசேயும் ஆரோனும். யூதா வந்தார், அவர் வழியில் தாவீதும், தாவீதின் மகனென அழைக்கப்பட்ட நம் ஆண்டவரும். இறைவனின் மீட்புத் திட்டத்தில் 'வெறுக்கப்பட்டவர்' என்பது குப்பையில் எறியப்பட்டவர் என்று பொருள்படாது.

இன்னும் ஐயம் உள்ளவர் நற்செய்தியைத் திறக்கட்டும். லூக்கா 14:26இன் கிரேக்க மூலத்தில், சீடராக விரும்புவோர் தாய் தந்தையரை 'வெறுக்க' வேண்டும் என்று ஆண்டவர் சொல்கிறார். அதே கருத்தை மத்தேயு 10:37, தம்மைவிடப் பெற்றோரை மிகுதியாக நேசிப்பதைப் பற்றிய எச்சரிக்கையாகத் தருகிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்பும் லூக்காவின் அந்த வசனத்தை ஒப்பீடாகவே தமிழாக்கியுள்ளது. பெற்ற தாயைப் பகைக்கச் சொன்னார் இயேசு என்று எந்தப் போதகரும் போதிப்பதில்லை. அங்கே சொல்லின் வழக்கை அறிந்து விளக்குகிறவர்கள், ஏசாவிடம் வந்தவுடன் அந்த அறிவை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

ஏசாவின் கதை

வசனத்தை மனப்பாடம் செய்தவர்கள் கதையைப் படிப்பதில்லை. பல ஆண்டுகள் கழித்து, நானூறு ஆள்களோடு எதிரே வரும் அண்ணனைக் கண்டு யாக்கோபு நடுங்குகிறார். ஏமாற்றியவர் அவர், ஏமாந்தவர் ஏசா. பழிவாங்க நாள் வாய்த்திருக்கிறது. ஆனால் ஏசா ஓடி வருகிறார், கட்டித் தழுவுகிறார், கழுத்தில் விழுந்து முத்தமிடுகிறார், இருவரும் அழுகிறார்கள் (தொநூ 33:4). தம்பி கொடுத்த அன்பளிப்பையும் தமக்குப் போதிய அளவு உண்டு என்று முதலில் மறுக்கிறார். அப்போது யாக்கோபு சொல்கிறார்: உம் முகத்தைக் காண்பது கடவுளின் முகத்தைக் காண்பது போல் இருக்கிறது என்று.

கடவுள் வெறுத்த முகத்தில் கடவுளின் முகம் தெரியுமா? ஊதாரி மைந்தன் உவமையில், திரும்பி வந்த இளையவனைக் கண்ட தந்தை என்ன செய்தார் என்று நினைத்துப் பாருங்கள். ஓடினார், கழுத்தைக் கட்டிக்கொண்டார், முத்தமிட்டார் (லூக் 15:20). இறைத்தந்தையின் மன்னிப்பை வரைய நம் ஆண்டவர் கையாண்ட செயல்கள், தொடக்க நூலில் ஏசாவின் செயல்களாகவே உள்ளன.

ஆண்டவரும் ஏசாவை விட்டுவிடவில்லை. சேயீர் மலையை ஏசாவின் உடைமையாகத் தாமே தந்ததாகவும், அதில் ஓரடி நிலத்தைக்கூட இஸ்ரயேலுக்குத் தரப் போவதில்லை என்றும் சொன்னார் (இச 2:5). ஏதோமியர் உடன்பிறந்தோர், அவர்களை அருவருக்காதீர்கள் என்று கட்டளையே இட்டார் (இச 23:7). ஏதோமியரை வெறுக்காதே என்று தம் மக்களுக்குச் சட்டம் வகுத்தவர், தாம் மட்டும் அவர்களைக் கருவிலேயே வெறுத்தார் என்பது பொருந்துமா?

பிற்காலத்தில் ஏதோமின் வழியினர் வாழ்ந்த பகுதி, கிரேக்கப் பெயரால் இதுமேயா எனப்பட்டது. இயேசு கலிலேயாவில் போதித்தபோது அவரைத் தேடி வந்த மக்கள் திரளுக்குள் இதுமேயாவிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்று மாற்கு எழுதி வைத்திருக்கிறார் (மாற் 3:8). ஏசாவின் பிள்ளைகள் வந்தார்கள். ஆண்டவர் அவர்களைத் திருப்பி அனுப்பியதாக நற்செய்தியில் ஒரு வரியும் இல்லை.

பவுலடியார் சொன்னதும் சொல்லாததும்

"உரோமையர் ஒன்பதாம் அதிகாரம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் அது ஒன்பதாம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்தில் தொடங்கவும் இல்லை, அங்கேயே முடியவும் இல்லை. கிறிஸ்துவை ஏற்காத தம் இனத்தாரை எண்ணிப் பவுலடியார் படும் வேதனையோடு அது தொடங்குகிறது. அவர்களுக்காகத் தாமே சாபத்துக்கு உள்ளாகிக் கிறிஸ்துவிடமிருந்து பிரிக்கப்படவும் விரும்புவேன் என்கிறார் (உரோ 9:2-3). அழிவுக்கென்றே சிலர் குறிக்கப்பட்டுவிட்டார்கள் என்று நம்புகிறவர் இப்படி அழுவாரா? நம் போதகர் அத்தாயிடம் அழாதே என்றார். பவுலடியாரோ அழுதுகொண்டேதான் இந்த அதிகாரத்தைத் தொடங்குகிறார்.

ஏசா, யாக்கோபு பற்றி அவர் கூற வந்தது ஒன்றே: கடவுளின் அழைப்பு மனிதச் செயலுக்குக் கூலி அன்று, பிறப்புரிமையும் அன்று, முற்றும் இரக்கம். யாருக்கு நரகம் என்பது அங்கே கேள்வியே அன்று. குயவரின் உவமையையும் கவனமாகப் படிக்க வேண்டும். இரக்கத்துக்குரிய கலங்களைக் கடவுளே மாட்சிக்கென ஆயத்தம் செய்தார் என்கிற பவுலடியார், சினத்துக்குரிய கலங்களைப் பற்றிப் பேசும்போது அவற்றைக் கடவுள் அழிவுக்கென ஆயத்தம் செய்தார் என்று எழுதவில்லை. அவற்றைக் கடவுள் மிகுந்த பொறுமையோடு தாங்கிக்கொண்டார் என்றே எழுதுகிறார் (உரோ 9:22-23). குயவர் வீட்டை நமக்கு முதலில் காட்டியவர்களுள் ஒருவர் எரேமியா. அங்கே கலம் கெட்டுப்போனபோது குயவர் களிமண்ணைத் தூக்கி எறியவில்லை. அதே மண்ணை வேறொரு கலமாக வனைந்தார் (எரே 18:4). மனம் மாறும் இனத்தைத் தாம் அழிப்பதில்லை என்று ஆண்டவரே அந்த உவமைக்கு உரை சொல்கிறார்.

இந்த நீண்ட வாதம் எங்கே முடிகிறது? கடவுள் எல்லார்மீதும் இரக்கம் காட்டும்படியே எல்லாரையும் கீழ்ப்படியாமையில் அடைத்து வைத்தார் என்பதில் முடிகிறது (உரோ 11:32). அதன் பிறகு, கடவுளின் ஞானத்தின் ஆழத்தை வியக்கும் புகழுரை. மூன்று அதிகாரங்கள் ஏறி அடைய வேண்டிய உச்சியை விட்டு, பாதி வழியில் ஒரு கல்லை எடுத்துத் துயருற்ற தாய்மீது எறிவதா வேத விளக்கம்?

திருச்சபை வகுத்த எல்லை

இது நம் சொந்தக் கருத்து என்று எண்ண வேண்டாம். ஏசாவைப் பற்றி நீண்ட காலம் போராடிச் சிந்தித்தவர் புனித அகுஸ்தீனார். அருளின் முதன்மையை அவரைவிட அழுத்தமாகச் சொன்னவர் அரியர். அவரும், கடவுள் வெறுப்பது ஏசா என்னும் மனிதனை அன்று, பாவத்தையே என்னும் கருத்தை எழுதியுள்ளார். அவருடைய கருத்துகளின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு எல்லை கடந்தவர்களைத் திருச்சபை ஒவ்வொரு முறையும் தடுத்து நிறுத்தியது. கடவுளின் வல்லமையால் சிலர் தீமைக்கு முன்குறிக்கப்பட்டனர் என்போரை 529ஆம் ஆண்டின் ஆரஞ்சுச் சங்கம் கண்டித்தது. கிறிஸ்து பாடுபடாத மனிதர் எவரும் இருந்ததில்லை, இருக்கப்போவதும் இல்லை என்று 853ஆம் ஆண்டின் கியேர்சிச் சங்கம் உரைத்தது. அருள் முன்குறிக்கப்பட்டோருக்கு மட்டுமே கிடைக்கிறது என்ற கருத்தைத் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் விலக்கியது. கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார் என்பதை மறுத்த யான்சேனியக் கருத்தைத் திருத்தந்தை பத்தாம் இன்னொசென்ட் 1653இல் கண்டித்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், கடவுள் எவரையும் நரகத்துக்கென முன்குறிப்பதில்லை என்று ஐயத்துக்கு இடமின்றிக் கற்பிக்கிறது (எண் 1037).

பிற சபையாருள் ஒரு பகுதியினர் இரட்டை முன்குறிப்பைப் போதித்தது உண்மை. ஆயினும் அவர்களுக்குள்ளும் அதை எதிர்த்தவர்கள் உண்டு. ஜான் வெஸ்லி 1739இல் அதற்கு எதிராகவே கடுமையான மறையுரை ஒன்றை வெளியிட்டார். அவர்களே தங்களுக்குள் ஏற்காத ஒன்றை, கத்தோலிக்க வீடுகளில் நம் செபமாலைக்குப் பின் விற்பனை செய்ய நாம் ஏன் அனுமதிக்கிறோம்?

நம் விவிலியத்தில் சாலமோனின் ஞானம் என்ற நூல் இருப்பது வீண் அன்று. கடவுள் தாம் படைத்த அனைத்தின்மீதும் அன்பு கூர்கிறார், எதையும் வெறுத்திருந்தால் அதைப் படைத்தே இருக்கமாட்டார் என்று அது கற்பிக்கிறது (சாஞா 11:24). மலாக்கியின் சொல்லை இந்த ஒளியில் வைத்துப் படிக்கவேண்டும். மறைநூல் முழுவதன் ஒருமையையும் கருத்தில் கொண்டே ஒவ்வொரு பகுதியையும் விளக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965இல், இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் (எண் 12) நமக்குக் கற்பித்தது.

தேர்வு எதற்காக?

அப்படியானால் தேர்ந்துகொள்ளுதல் என்பது இல்லையா? உண்டு. ஆனால் அது மற்றவர்களை ஒதுக்குவதற்கன்று, மற்றவர்களுக்குப் பயன்படுவதற்கே. ஆபிரகாம் அழைக்கப்பட்டது மண்ணுலகின் இனங்கள் எல்லாம் அவரால் ஆசி பெறுவதற்காக. தேர்வு சலுகையும் அன்று. உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன், ஆகையால் உங்களைத்தான் தண்டிப்பேன் என்ற பொருள்பட ஆமோஸ் வழியாக ஆண்டவர் பேசியதை (ஆமோ 3:2) மறந்து, நாங்கள் யாக்கோபு, அவர்கள் ஏசா என்று மார்தட்டுவது பெரும் மடமை.

அந்த மடமையின் விலையை வரலாறு அறியும். தொடக்கக் காலத்திலிருந்தே கிறிஸ்தவ எழுத்தாளர் சிலர், மூத்தவனான ஏசா யூதர், இளையவனான யாக்கோபு திருச்சபை என்று இந்தப் பகுதிக்கு உரை எழுதினர். நூற்றாண்டுகளாக வளர்ந்த அத்தகைய இகழ்ச்சி எத்தனை யூதர்களின் கண்ணீருக்குத் துணைபோனது! 1965இல்தான் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம், பவுலடியாரின் அதே உரோமையர் திருமுகத்தைக் கொண்டு, யூதரைக் கடவுளால் கைவிடப்பட்டவராகவோ சபிக்கப்பட்டவராகவோ காட்டக்கூடாது என்று அறிவித்தது.

நம் வீட்டிலும் ஒரு கண்ணாடி வேண்டும். நம் தமிழகப் பங்குகள் சிலவற்றில், ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்குப் பிறப்பைக் காரணம் காட்டித் தனித் தனிக் கல்லறைகள் ஒதுக்கிய வரலாறு உண்டு. பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன், மற்றவன் தாழ்ந்தவன் என்பதற்கு இறைத்திட்டத்தைச் சாட்சிக்கு அழைப்போர், ரெபேக்காவின் கதையை ஊன்றிப் படிக்கட்டும். ஏசா தலைமகன், பிறப்புரிமை அவனுடையது. இறைவனின் தேர்வு அந்தப் பிறப்புரிமையைத்தான் கவிழ்த்தது. பிறப்பைக் கொண்டு பெருமை பேச இந்தப் பகுதியில் ஒரு துரும்பும் கிடைக்காது.

நமக்கு எதிரான கேள்விகள்

ஏசா கண்ணீரோடு தேடியும் மனமாற்றத்துக்கு இடம் பெறவில்லை என்று எபிரேயர் திருமுகம் (12:16-17) கூறவில்லையா என்று கேட்பார்கள். ஒருவேளை உணவுக்காக உரிமையை விற்றவனுக்கு, விற்ற உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. நம்பிக்கை கொண்டோர் அவ்வாறு தம் கொடையை அற்பமாக எண்ணி இழக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அது. அதே திருமுகம், அதற்கு முந்திய அதிகாரத்தில், ஈசாக்கு நம்பிக்கையினால் யாக்கோபுக்கு மட்டுமன்றி ஏசாவுக்கும் ஆசி வழங்கினார் என்கிறது (எபி 11:20). அந்த வரியை மேடைகளில் கேட்பது அரிது.

அப்படியானால் எல்லாரும் எப்படி வாழ்ந்தாலும் மீட்படைவார்களா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. கடவுளின் கையை உதறும் உரிமை மனிதனுக்கு உண்டு. இறுதிவரை உதறினால் வரும் இழப்பும் உண்மை. ஆனால் அந்தக் கை நீட்டப்படாத மனிதன் எவனும் இல்லை என்பதும் உண்மை. ஒருவனுடைய கடைசி மூச்சில் அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையே நடந்ததை இழவு வீட்டுத் திண்ணையிலிருந்து நாம் தீர்ப்பிட முடியாது. ஒருவன் ஏன் எளிதில் எழுகிறான், மற்றவன் ஏன் விழுந்தே கிடக்கிறான் என்ற மறைபொருள் நம் கைக்கு எட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். எட்டாததை எட்டியதாகச் சொல்லித் தாயின் நெஞ்சில் கத்தி செருகுவதைத்தான் மறுக்கிறோம்.

அந்த அம்மாவுக்கு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது நம் ஊர்ப் பழமொழி. தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா வழியாகச் சொன்னவர் (எசா 49:15), அந்தக் காக்கையினும் குறைந்த அன்பு கொண்டவராக இருக்க முடியாது. குடித்துவிட்டு வந்த மகனுக்கு நள்ளிரவில் சோறு போட்டு, அவன் உண்ணும்வரை அருகில் உட்கார்ந்திருந்த தாய் அவர். அந்தப் பொறுமையை அவருக்கு ஊட்டியவர் யார்? வெறுக்கிற கடவுளா?

அம்மா, அன்று நாங்கள் சொல்லத் தவறியதை இன்று சொல்கிறோம். நீங்கள் அவனைச் சுமந்த பத்து மாதமும் ஆண்டவர் அவனை நேசித்தார். அவன் தள்ளாடி நடந்த ஆண்டுகளிலும் நேசித்தார். உங்கள் மடியில் அவன் தலை சாய்ந்தபோதும் நேசித்தார். அழுங்கள், பவுலடியாரும் அழுதார், ஏசாவும் யாக்கோபும் கட்டிக்கொண்டு அழுதார்கள். முப்பதாம் நாள் திருப்பலிக்குக் குறிப்புச் சீட்டில் அவன் பெயரைத் தயங்காமல் எழுதிக் கொடுங்கள். திருச்சபை அந்தப் பெயரை உரக்கச் சொல்லி மன்றாடும். வெறுக்கப்பட்டவர்கள் என்று ஒரு பட்டியல் அதனிடம் இல்லை.

போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இழவு வீட்டில் மறைநூலைத் திறக்குமுன் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால், அந்தத் தாயின் அருகில் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அதுவே நல்ல மறையுரையாக இருக்கும்.